புது சேர்வர், பழைய பிரின்டர்: கியூவைக் கொப்பி பண்ணுவதா, புதிதாகக் கட்டுவதா?

யூனிக்ஸ் சேர்வரை மாற்றினால் கந்தோரில் முதலில் சத்தம் கிளம்புவது பிரின்டர் பக்கம்தான். டேட்டாபேஸ் ஓடும், எல்லாரும் லொகின் ஆவார்கள், பில் மட்டும் வராது. கொழும்பு, புறக்கோட்டை மொத்தக் கடைகளில் பில் வராமல் லொறி நகராது. ஆகவே அச்சு வேலைகள் வரிசையாகக் காத்திருக்கும் கியூவைப் பழையதிலிருந்து கொப்பி பண்ணுவதா, புதிதாகக் கட்டுவதா என்பதை மாற்றுவதற்கு முன்பே தீர்மானிப்பது நல்லது.

பழைய சேர்வரிலும் கப்ஸ் (CUPS, யூனிக்ஸில் அச்சு வேலைகளைக் கவனிக்கும் மென்பொருள்) இருந்தால், பிரின்டர் விவரக் கோப்பையும், பிரின்டரின் அம்சங்களைச் சொல்லும் பிபிடி (PPD) கோப்புகளையும் அப்படியே கொப்பி பண்ணலாம். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அந்த விவரக் கோப்பில் பிரின்டரின் விலாசம் மட்டுமா இருக்கிறது? கியூ ஓடுகிறதா, நிற்கிறதா என்பதும் அதிலேதான். பழையதில் நிறுத்திவைத்த கியூ, புதியதிலும் நின்றபடியே வந்து சேரும். கப்ஸ் ஓடும்போது கோப்பைத் திருத்தினால், அது தன் நினைவில் உள்ளதை மேலே எழுதித் திருத்தத்தை அழித்துவிடக்கூடும். பிபிடி கேட்கும் ஃபில்டர் (கோப்பைப் பிரின்டருக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும் புரோகிராம்) புது சேர்வரில் இல்லையென்றால் வேலை கியூவுக்குள் போய், 'ஃபில்டர் ஃபெயில்ட்' என்று விழும்.

கியூக்களை உருவாக்கும் எல்பிஅட்மின் (lpadmin) கட்டளையால் புதிதாகக் கட்டுவது கொஞ்சம் மெனக்கெட்ட வேலை. ஆனாலும் நான் அதைத்தான் சொல்வேன். பழைய பெயரையே கியூவுக்கு வைத்தால் அப்ளிகேஷனில் கை வைக்கத் தேவையில்லை. பழைய குப்பையும் கூட வராது.

அப்புறம், எந்த வழியில் பிரின்டரோடு பேசுவது? எல்பிடி (LPD) என்ற பழைய அச்சு நெறிமுறைக்கு 515ஆம் போர்ட். பிரின்டருக்குள் இருக்கும் கியூவின் பெயரைச் சரியாகக் கொடுக்க வேண்டும். பிரின்டரில் பழைய சேர்வரின் ஐபி மட்டும் அனுமதிப் பட்டியலில் இருந்தால், புதியது வாசலிலேயே திரும்பும். 9100ஆம் போர்ட் வழி எளிது, பைட்டுகளைத் தள்ளிவிடும், அவ்வளவுதான். தாள் முடிந்ததா, வேலை உண்மையில் அச்சானதா என்பதை அதனிடம் நம்பிக் கேட்க முடியாது. 631ஆம் போர்ட்டில் பேசும் ஐபிபி (IPP) என்ற நெறிமுறை, பிரின்டரின் நிலையையும் வேலையின் நிலையையும் திருப்பிச் சொல்லும். புதிய லேசர்களில் பெரும்பாலானவை கப்ஸின் பொதுவான 'எவ்ரிவேர்' மொடலில் தனி டிரைவர் இல்லாமலே வேலை செய்யும். எங்கே சிக்கியது என்று சொல்லும் வழிதான் வேண்டும், ஆகவே லேசருக்கு ஐபிபி.

பில் அடிக்கும் டொட் மேட்ரிக்ஸ் கதை வேறு. அதற்கு 9100இல் ரோ கியூதான் (வந்ததை மாற்றாமல் அப்படியே அனுப்பும் கியூ) பொருந்தும், ஆனால் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. முதல் வரி சரியாக வரும். இரண்டாவது வரி, முதல் வரி முடிந்த இடத்துக்கு நேர் கீழே தொடங்கும். மூன்றாவது அதற்கும் வலப்பக்கம். இப்படியே படிக்கட்டாக இறங்கித் தாளின் ஓரத்தில் எழுத்து வெட்டுப்படும். யூனிக்ஸ் வரி முடிவில் லைன் ஃபீட் மட்டும் உண்டு; அச்சுத் தலையை இடப்பக்கம் கொண்டுவரும் கேரேஜ் ரிட்டர்ன் இல்லை. பழைய சிஸ்டம் ஃபைவ் வகை யூனிக்ஸ் சேர்வர்களில், பிரின்டருக்கு வேலையை அனுப்பும் இன்டர்ஃபேஸ் ஸ்க்ரிப்ட் அதைச் சத்தமில்லாமல் சேர்த்துக் கொடுத்தது. ரோ கியூ எதையும் தொடாது. அனுப்பும் முன்பே அப்ளிகேஷனில் சேர்த்துவிடுங்கள், அல்லது பிரின்டரின் ஓட்டோ கேரேஜ் ரிட்டர்ன் செட்டிங்கைப் பாருங்கள்.

பிறகும் நின்றால், முதலில் கியூக்களின் நிலையைக் காட்டும் எல்பிஸ்டாட் மைனஸ் டீ (lpstat -t) கட்டளை. 'டிசேபிள்ட்' என்பதும் 'நொட் அக்செப்டிங்' என்பதும் ஒன்றல்ல. முதலாவதில் வேலைகள் உள்ளே தேங்கும், அதற்குக் கப்ஸ்எனேபிள் கட்டளை. இரண்டாவதில் உள்ளேயே விடாது, அதற்குக் கப்ஸ்அக்செப்ட் கட்டளை. கியூ நன்றாக இருந்தும் தாள் வராவிட்டால் சேர்வரிலிருந்தே நெட்கேட் (netcat) என்ற இணைப்புச் சோதனைக் கருவியால் பிரின்டரின் போர்ட்டைத் தட்டிப் பாருங்கள். திறக்காவிட்டால் நெட்வேர்க்கையும் ஃபயர்வோலையும் பாருங்கள், கப்ஸைக் குடைய வேண்டாம்.

மின்சாரம் அடிக்கடி போகும் இடமென்றால் எரர் பொலிசியையும் (பிழை வந்தால் கியூ என்ன செய்யும் என்ற செட்டிங்) பார்க்க வேண்டும். 'ஸ்டொப் பிரின்டர்' என்றிருந்தால், ஒரு வேலை பாதியில் அறுந்தாலே கியூ நின்றுவிடும். யாராவது வந்து எழுப்பும்வரை அப்படியே கிடக்கும். பில் கியூவுக்கு 'ரீட்ரை ஜொப்' வைப்பதுதான் நல்லது. தாள் அளவு ஏ4ஆ என்றும் பாருங்கள். அமெரிக்க லொக்கேலோடு (மொழி, நாட்டு செட்டிங்) நிறுவிய சேர்வர், அமெரிக்க அளவான லெட்டர் தாளைக் கேட்டால், லேசர் விளக்கை மினுக்கிக்கொண்டு காத்திருக்கும்; கியூவில் பிழை எதுவும் தெரியாமலும் போகலாம்.