ரிஸ்ட் ஷாட்டா, ஸ்லாப் ஷாட்டா? சிங்கப்பூரில் ஐஸ் ஹாக்கி பழகுபவர்கள் எதில் தொடங்குவது

ஐஸ் ஹாக்கிக்குப் புதிதாக வருகிற நம் பிள்ளைகள், ஸ்கேட்டில் விழாமல் நிற்கப் பழகிய கையோடு கேட்பது ஒன்றைத்தான்: "அண்ணே, ஸ்லாப் ஷாட் எப்ப சொல்லித் தருவீங்க?" நியாயமான ஆசைதான். ஸ்டிக்கைத் தோளுக்கு மேல் தூக்கி ஓங்கி அடிக்க, பக் (பந்துக்குப் பதிலாக இருக்கிற ரப்பர் வட்டு) கண்ணுக்கே தெரியாமல் வலைக்குள் போய் விழுவதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் இந்த விளையாட்டுக்கே வருகிறோம். வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்ஹெச்எல் நடத்திய 2012 ஆல் ஸ்டார் திறன் போட்டியில் ஸ்டேனோ சாரா அடித்த ஷாட் மணிக்கு 175.1 கிலோமீட்டர் வேகத்தில் போனது. அதைப் பார்த்துவிட்டு, "முதலில் நிதானமாக பக்கைத் தள்ளிப் பழகு" என்று சொன்னால் யாருக்கும் பிடிக்காது. இருந்தாலும் அதைத்தான் சொல்லப் போகிறேன்: முதலில் ரிஸ்ட் ஷாட், அடுத்து ஸ்னாப் ஷாட், கடைசியில் ஸ்லாப் ஷாட். எந்த நாட்டிலும் இந்த வரிசை பொருந்தும், ஆனால் சிங்கப்பூரில் இதற்குக் கூடுதல் காரணம் இருக்கிறது.

ஜூரோங் ஈஸ்ட் ஜேகியூப்பில் 2012ல் வந்த ஒலிம்பிக் அளவு ரிங்க் (பனிச்சறுக்குத் தளம்), 2023 ஆகஸ்டில் அந்தக் கடைத்தொகுதி மூடியபோது அதோடு சேர்ந்து போய்விட்டது. கனடாவில் குளம் உறைந்தால் அதுவே ரிங்க், பிள்ளைகள் இருட்டும் வரை அடித்துக்கொண்டே இருக்கலாம். நமக்கு ஐஸ் என்பது முன்பதிவு செய்து, பலர் சேர்ந்து காசு போட்டு, பெரும்பாலும் ராத்திரியில் கிடைக்கிற ஒரு மணி நேரம். எல்லை தாண்டி மலேசியாவுக்குப் போய் ஆடிவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் ஸ்கேட்டிங் பழக வேண்டும், பாஸ் பழக வேண்டும், ஆட்டமும் ஆட வேண்டும். ஷாட்டுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அதனால் எந்த ஷாட்டை ஐஸ் இல்லாமலும் பழக முடியும் என்பது நமக்குப் பெரிய கேள்வி. அந்தக் கணக்கில் ரிஸ்ட் ஷாட்டை மற்ற இரண்டும் நெருங்கக்கூட முடியாது.

ரிஸ்ட் ஷாட்டில் மணிக்கட்டின் வேலை வருவது கடைசியில். தொடக்கம் காலில். வலது கை கீழே பிடிப்பவர் என்று வைத்துக்கொள்வோம். பக் உடம்புக்கு முன்னால் இருக்கக் கூடாது, வலது காலுக்குப் பக்கத்தில், கொஞ்சம் பின்னால்கூட இருக்கலாம். ஸ்டிக்கின் அடியில் இருக்கிற தட்டையான பகுதிதான் பிளேடு; அதில் கம்பை ஒட்டிய குதிகால் பகுதியில் பக் ஒட்டியிருக்க, பிளேடை அதன்மேல் லேசாகக் கவிழ்த்துப் பிடித்து, உடம்பின் எடை முழுவதையும் வலது காலில் இறக்கி, முட்டியை நன்றாக மடக்க வேண்டும். அங்கிருந்து பக்கை இழுத்துக்கொண்டு வரும்போதே எடை இடது காலுக்கு மாறுகிறது, கீழ்க்கை ஸ்டிக்கைத் தரையை நோக்கி அழுத்துகிறது, மேல்கை உடம்பை நோக்கி வெடுக்கென்று இழுக்கிறது. கைகள் இப்படி எதிரெதிராக வேலை செய்வதால்தான் ஸ்டிக் வளைகிறது; வளைந்த ஸ்டிக் நிமிர்கிற விசைதான் பக்கை அனுப்புகிறது. கடைசியில் மணிக்கட்டு திரும்ப, பக் பிளேடின் குதிகாலிலிருந்து நுனி வரை உருண்டு, சுழன்றுகொண்டே கிளம்பும். அந்தச் சுழற்சி இருந்தால் பக் காற்றில் ஆட்டமில்லாமல் தட்டையாகப் போகும். இல்லையென்றால் தள்ளாடிக்கொண்டு போகும், பயிற்சியில் ஓரமாக நின்று பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

புதிதாக வருகிறவர்களிடம் நான் பார்க்கிற முதல் குறை எப்போதும் மேல்கையில்தான். அதை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். ஒட்டினால் இழுப்பதற்கு இடமே இல்லை, ஸ்டிக் வளையாது, பக் தரையோடு நகர்ந்து போய் கோல்கீப்பரின் கால்காப்பில் முட்டி நிற்கும். மேல்கையை உடம்பிலிருந்து தள்ளி முன்னால் கொண்டுவரச் சொன்னாலே பலருக்கு அன்றைக்கே பக் எழும்பத் தொடங்கிவிடும். அடித்து முடித்த பிறகு பிளேடின் நுனி எங்கே காட்டுகிறதோ பக் அங்கே போகும், தாழ்வாக வேண்டுமென்றால் தாழ்வாக முடிக்க வேண்டும், மேல் மூலை வேண்டுமென்றால் மேலே. கோல் என்பது 183 சென்டிமீட்டர் அகலம், 122 சென்டிமீட்டர் உயரம். அதில் முக்கால்வாசியைக் கோல்கீப்பர் மறைத்துக்கொண்டு நிற்பார். மிச்சமிருக்கிற சின்ன இடுக்கில் பக்கை வைக்க வேண்டுமென்றால், வேகத்தைவிடக் குறிதான் முதலில் வேண்டும்.

ரிஸ்ட் ஷாட்டின் பலவீனம் அதற்கு எடுக்கிற நேரம். பின்னாலிருந்து இழுத்து வர வேண்டியிருக்கிறது, நெருக்கடியான இடத்தில் அதற்குள் எதிரணிக்காரர் ஸ்டிக்கை நீட்டிவிடுவார். ஆனால் இழுத்து வரும்போதே திசையை மாற்றலாம், அடிப்பதுபோலக் காட்டிப் பாஸ் கொடுக்கலாம். கோல்கீப்பருக்கு அதுதான் தலைவலி. ஜோ சாக்கிக் என்ற பெயரைச் சொன்னாலே பழைய ரசிகர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அவருடைய ரிஸ்ட் ஷாட்தான். இன்றைக்கும் என்ஹெச்எல் ஆட்டங்களில் அதிகமாகப் பதிவாகிற ஷாட் இதுவே.

ஸ்னாப் ஷாட்டை இதன் தம்பி என்று சொல்லலாம். பக் பிளேடின் நடுவில், உடம்புக்கு இன்னும் பக்கத்தில். இழுவை கிடையாது. பிளேடைப் பக்கிலிருந்து சில சென்டிமீட்டர் பின்னால் எடுத்து, தரையை அழுத்திக்கொண்டே வெட்டினாற்போல் முடித்துவிட வேண்டும். ஆஸ்டன் மேத்யூஸ் பக்கைத் தன் காலை நோக்கி இழுத்து, கோணத்தை மாற்றி, அதே நொடியில் விடுவாரே, ரிஸ்ட்டும் ஸ்னாப்பும் கலந்த அந்த முறைதான் இப்போது பிள்ளைகள் எல்லாரும் பார்த்துப் பழகுவது. வேகமாகக் கிளம்பும், கோல்கீப்பருக்கு அதைக் கணிப்பது கடினம். ஆனால் ரிஸ்ட் ஷாட்டில் எடை மாற்றவும் ஸ்டிக்கை வளைக்கவும் தெரியாமல் ஸ்னாப்புக்குத் தாவினால் வெறும் கையால் தட்டுகிற பழக்கம் வந்துவிடும், அப்புறம் அதை மாற்றுவது பெரிய பாடு.

இப்போது ஸ்லாப் ஷாட். இதில் நிறைய பேருக்குத் தெரியாத விஷயம், பிளேடு முதலில் படுவது பக்கில் இல்லை, பக்குக்குச் சில சென்டிமீட்டர் பின்னால் இருக்கிற ஐஸில். அங்கே ஊன்றும்போது ஸ்டிக் வில்போல வளைந்து, நிமிர்ந்துகொண்டே பக்கை வந்தடைகிறது. கீழ்க்கை ஸ்டிக்கின் பாதி வரை இறங்கியிருக்க வேண்டும், இடுப்பு முழுதாகத் திரும்ப வேண்டும், அத்தனையும் ஒரு மெல்லிய கத்தி முனைமேல் நின்றுகொண்டு நடக்க வேண்டும். ஸ்கேட்டின் விளிம்பில் உறுதியாக நிற்கத் தெரியாதவர் ஓங்கி அடித்தால் சுழல்வது பக் அல்ல, அவர்தான். அல்லது நேராகப் பக்கின் தலையில் அடித்துவிட்டு, கை அதிர்ந்துபோய் நிற்பார்.

நன்றாக வந்தால் இதற்கு ஈடே இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். நீலக்கோட்டிலிருந்து (எதிரணிப் பகுதி தொடங்குகிற கோடு) கோல் வரை அந்த வேகத்தில் பக்கைக் கொண்டுபோக வேறு வழி கிடையாது. பாஸாக வருகிற பக்கை நிறுத்தாமல் அப்படியே அடிக்கிற ஒன் டைமர் இந்த ஷாட்டின் உச்சம். 2025 ஏப்ரல் 6ல் அலெக்ஸ் ஒவெச்கின் 895வது கோலைப் போட்டு வேய்ன் கிரெட்ஸ்கியின் 894 என்ற கணக்கைத் தாண்டினாரே, அந்தக் கோல்களில் எத்தனையோ கோலுக்கு முன்னால் ஐஸில் வரைந்திருக்கிற இடது வட்டத்தில் நின்று அடித்த ஒன் டைமர்கள். ஆனால் நாம் ஆடுவது பெரும்பாலும் சின்ன இடத்தில், அணிக்கு ஐந்து பேர், மூன்று பேர் என்று பிரிந்து. ஸ்டிக்கைத் தூக்குவதற்குள் முன்னால் ஆள் வந்து நிற்பார். அவருடைய காப்பு அணியாத இடத்தில் 170 கிராம் ரப்பர் பட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கனடா, அமெரிக்காவில் பெரியவர்களுக்கான பொழுதுபோக்கு லீக்குகள் பலவற்றில் ஸ்லாப் ஷாட்டுக்குத் தடையே இருக்கிறது.

பிளேடின் பின்பக்கத்தால் அடிக்கிற பேக்ஹேண்ட் ஷாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. என்ஹெச்எல் வீரர் சிட்னி கிராஸ்பி அதில் கெட்டிக்காரர், கோல்கீப்பர்களுக்கு அதைக் கணிப்பது கஷ்டம். பிளேடின் வளைவு எதிர்த்திசையில் இருப்பதால் தூக்குவது சிரமம், ஆனால் கோலுக்குப் பக்கத்தில் தூக்க வேண்டிய அவசியமும் அதிகம் இல்லை. ரிஸ்ட் ஷாட் பழகுகிற ஒவ்வொரு நாளும் கொஞ்சம் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம்மில் பலர் புல்தரை ஹாக்கியிலிருந்து வருகிறோம். பள்ளியில் ஆடியவர்கள், செங்காங் ஹாக்கி அரங்கில் ஆடியவர்கள், அப்பா ஆடியதைப் பார்த்து வளர்ந்தவர்கள். இவர்களுக்குச் சாதகமும் உண்டு, பாதகமும் உண்டு. பெனால்டி கார்னரில் டிராக் ஃபிளிக் போட்டுப் பழகிய கைக்கு ரிஸ்ட் ஷாட் பாதி தெரிந்த மாதிரிதான்: தாழ இறங்குவது, பின்னாலிருந்து இழுப்பது, எடையை முன்னால் கொண்டுபோய் உதறுவது எல்லாம் அதே. ஆனால் அங்கே ஓங்கி அடிக்கும்போது இரண்டு கையும் ஸ்டிக்கின் தலையில் சேர்ந்திருக்கும், பந்தை நேராகத் தாக்கும். அதே பழக்கத்தோடு ஸ்லாப் ஷாட் அடிக்க வந்தால் எதுவும் பொருந்தாது. அதனால் புல்தரைக்காரர்கள் "எனக்குத்தான் அடிக்கத் தெரியுமே" என்று ஸ்லாப்பில் தொடங்குவதைவிட, ஃபிளிக் தெரிந்ததை நம்பி ரிஸ்ட்டில் தொடங்கினால் சீக்கிரம் முன்னேறுவார்கள். இன்னொன்று, புல்தரையில் எல்லாருக்கும் இடது கை மேலே, வலது கை கீழே. ஐஸ் ஹாக்கியில் இரண்டு வகை ஸ்டிக்கும் உண்டு. அங்கிருந்து வருகிறவர் வலதுகைக்கான ஸ்டிக்கை எடுப்பது இயல்பு. எந்த ஹாக்கியும் ஆடாதவர் என்றால், பலமான கையை மேலே வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம், ஸ்டிக்கை ஒற்றைக் கையில் ஆள்வது அந்த மேல்கைதான்.

ஸ்டிக்கைப் பற்றிப் பேசாமல் ஷாட்டைப் பற்றிப் பேச முடியாது. ஸ்டிக்கின்மேல் ஃபிளெக்ஸ் என்று ஓர் எண் போட்டிருக்கும், எண் பெரிதானால் ஸ்டிக் விறைப்பு. உடல் எடையைப் பவுண்டில் எடுத்து அதில் பாதி என்பது பொதுவான கணக்கு. 65 கிலோ உள்ளவருக்கு 143 பவுண்டு, ஆக 70 சுற்றுவட்டாரம். ஆனால் பெரியவர்களுக்கான ஸ்டிக் என்று கேட்டால் 85 ஃபிளெக்ஸைத்தான் எடுத்து நீட்டுவார்கள், அதையும் உயரத்துக்காக மேலே அறுத்தால் இன்னும் விறைத்துவிடும். மெலிந்த உடம்புக்காரர் அதை வைத்துக்கொண்டு ரிஸ்ட் ஷாட் பழகுவது இரும்புக்கம்பியை வளைக்கப் பார்ப்பதுதான். 70 அல்லது 75 கேளுங்கள், இல்லையென்றால் இளையோர் அளவில் நீளமானது கிடைக்கிறதா பாருங்கள். பிளேடு வளைவுக்குக் குறியீட்டு எண்கள் உண்டு, அதில் பி88, பி92 இரண்டில் ஒன்று போதும். நுனியில் மட்டும் வளைகிற பி28 ஸ்னாப் ஷாட்டுக்கு அருமையானது, ஆனால் பழகாத கையில் எல்லாப் பக்கும் கோலுக்கு மேலே பறக்கும்.

சரி, எங்கே பழகுவது? வீட்டில் வைக்கிற வழுக்குப் பலகை, சக்கர ஸ்கேட் ஹாக்கி, நிஜ ஐஸ், மூன்றில் நான் அதிகம் நம்புவது பலகையைத்தான், ரிஸ்ட் ஷாட் வரைக்கும். நிஜ பக்கையே பயன்படுத்தலாம், கை வேலை, எடை மாற்றம், மேல்கையின் இழுப்பு எல்லாவற்றையும் காலணியோடு நின்று திருத்திக்கொள்ளலாம். ஐஸைவிட உராய்வு கொஞ்சம் அதிகம், அதனால் ஐஸில் போய் அடிக்கும்போது பக் இன்னும் லேசாக நகரும். வீவக வீட்டில் சிக்கல் சத்தம்தான். பக் சுவரில் மோதினால் பக்கத்து வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் கேட்கும். தொங்கவிட்ட தடிமனான போர்வையோ பழைய மெத்தையோ பின்னால் இருந்தால் அடங்கும், இருந்தாலும் இருட்டிய பிறகு அடிக்காதீர்கள். புளோக்கின் கீழ்த்தளத்தில் போய் அடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, பந்து விளையாடத் தடை என்று பலகை மாட்டியிருக்கும் இடத்தில் ரப்பர் பக் அடிப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

சக்கர ஸ்கேட்டில் ஆடுவது ஆட்டத்தைப் புரிந்துகொள்ள, பாஸ் பழக, மூச்சு வளர்க்க மிக நல்லது. ஷாட்டுக்கு மட்டும் அவ்வளவாக உதவாது. பக் எடை குறைவு, சக்கரம் தரையைப் பிடித்துக்கொள்வதால் ஐஸில் சறுக்கிக்கொண்டே எடை மாற்றுகிற உணர்வு வராது. ஆனாலும் ஐஸே கிடைக்காத மாதத்தில் வீட்டில் சும்மா இருப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். நிஜ ஐஸ் கிடைக்கிற நேரத்தில், நின்ற இடத்தில் நூறு ஷாட் அடிப்பதில் வீணாக்காதீர்கள், அதைப் பலகையிலேயே செய்யலாம். ஐஸில் செய்ய வேண்டியது ஓடிக்கொண்டே அடிப்பது, பாஸ் வாங்கி அடிப்பது, தலையை நிமிர்த்திக் கோல்கீப்பரைப் பார்த்துக்கொண்டே அடிப்பது. பலகையால் கற்றுத்தர முடியாதவை இவைதான்.

ரிஸ்ட் ஷாட்டில் ஓடிக்கொண்டே நினைத்த மூலைக்கு அடிக்க முடிகிறது, ஸ்னாப்பும் கைக்கு வந்துவிட்டது, ஒற்றைக் காலில் விளிம்பில் நிற்க முடிகிறது என்றால் ஸ்லாப்பைத் தொடங்கலாம். முதலில் பக் இல்லாமல், ஸ்டிக்கை இடுப்பு உயரத்துக்கு மட்டும் தூக்கி, ஐஸில் நினைத்த இடத்தில் பிளேடு ஊன்றுகிறதா என்று பாருங்கள். அது சீராக வந்த பிறகு அந்த இடத்துக்குச் சற்று முன்னால் பக்கை வைத்து அடியுங்கள். தோள் உயரம் அதற்கு அப்புறம். எதிரே யாரும் இல்லாத, பின்னால் யாரும் ஸ்கேட் செய்து வராத மூலையாகப் பார்த்து நில்லுங்கள், ஓங்குகிற ஸ்டிக் பின்னால் போகும்போதும் ஆளைத் தாக்கும்.