முதல் பெயிட்காஸ்டிங் ரொட்டும் ரீலும்: மலையகத் தேக்கங்களில் நீண்ட நாள் பாவித்த பிறகு

பெயிட்காஸ்டிங் ரீல் (எறியும்போது நூல் சுற்றிய உருளையும் சேர்ந்து சுழலும் தூண்டில் ரீல்) வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்தக் கம்பனி நல்லது என்றுதான். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. எத்தனை கிராம் லூர் (மீனை ஏமாற்றும் போலி இரை) எறியப் போகிறீர்கள்? 10 கிராமுக்கு மேல் என்றால் தொடர்ந்து வாசியுங்கள். 3, 5 கிராம் என்றால் இந்த ரீல் உங்களுக்கு வேண்டாம். நுவரெலியா, ஹோர்டன் சமவெளிப் பக்கத்து ஓடைகளின் டிரவுட்டுக்கும், மிதவை கட்டிப் பிடிக்கும் திலாப்பியாவுக்கும் சாதாரண ஸ்பின்னிங் ரீல்தான் சரி. அதில் பெயிட்காஸ்டரைத் திணித்தால் பாதி நாள் சிக்கு எடுப்பதிலேயே போய்விடும்.

காரணம் ரீலின் அமைப்பிலேயே இருக்கிறது. ஸ்பின்னிங் ரீலில் எறியும்போது ஸ்பூல், அதாவது நூல் சுற்றிய உருளை, அசையாது, நூல் மட்டும் உருவிக்கொண்டு போகும். பெயிட்காஸ்டரில் லூர் நூலை இழுக்க, நூல் ஸ்பூலைச் சுழற்ற வேண்டும். லூர் இலேசாக இருந்தால் சுழற்றுகிற இழுவை கிடைக்காது. பாரமாக இருந்தாலும், காற்றில் லூரின் வேகம் குறைந்த பிறகும் ஸ்பூல் பழைய வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். வெளியே போகும் நூலைவிட அவிழ்கிற நூல் கூடுதலாகிவிட, அது ஸ்பூலுக்குள்ளேயே குவிந்து சிக்காகிறது. பிரேக், டென்ஷன், பெருவிரல் என்று இந்த ரீலைச் சுற்றிச் சொல்லப்படுவதெல்லாம் இந்த ஒரு வேக வித்தியாசத்தைச் சமாளிப்பதற்காகத்தான்.

இந்த வகை ரீல் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவின் கென்டக்கியில், கடிகாரம் செய்பவர்களின் பட்டறைகளில் பாஸ் மீனுக்காக வளர்ந்தது. நம்மவர்களுக்கு அந்த இடத்தில் இருப்பது விரால். இரண்டுமே பாசிக்கும் மரக்கட்டைக்கும் அடியில் பதுங்கிக் கிடந்து பாய்கிற மீன்கள். முள் ஏறியவுடன் தலையைத் திருப்பிப் பாசிக்குள் புகுந்துவிடப் பார்க்கும். அந்த நேரத்தில் தடித்த நூலும், விறைப்பான ரொட்டும் (தூண்டில் கோல்), திருப்பித் தராத ரீலும் வேண்டும். பாஸுக்கென்று விற்கும் செட் விராலுக்கு அப்படியே பொருந்துவது இதனால்தான்.

ரொட்டைப் பார்ப்போம். முதல் ரொட் மீடியம் ஹெவி (நடுத்தரத்தைவிடச் சற்று விறைப்பு), ஃபாஸ்ட் அக்ஷன் (நுனிப் பக்கம் அதிகம் வளைவது), 6 அடி 6 அங்குலம் முதல் 7 அடிக்குள் இருந்தால் போதும். ரொட்டின் அடியில் லூர் எடை அவுன்ஸில்தான் பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். 1 அவுன்ஸ் ஏறத்தாழ 28 கிராம். 1/4 முதல் 3/4 அவுன்ஸ் என்றிருந்தால் அது 7 முதல் 21 கிராம் வரை தாங்கும். ஆனால் அந்த எல்லையின் நடுவில்தான் ரொட் நன்றாக வளைந்து எறியும். விராலுக்கு அதிகம் பாவிக்கிற ரப்பர் தவளை 10 முதல் 15 கிராம் வரைக்கும் இருப்பதால் இந்த அளவு சரியாக அமைகிறது. ஹெவி ரொட் வாங்கிவிட்டு அதே தவளையை எறிந்தால் ரொட் வளையாது. வளையாத ரொட்டைக் கை வேகத்தால் ஈடுகட்டப் பார்ப்போம், அந்த உதறலே சிக்குக்கு முதல் காரணமாகிவிடும்.

நீளத்தில் நம் இடத்துக்கென்று ஒரு கணக்கு உண்டு. தேக்கக் கரைகளில் முதுகுக்குப் பின்னால் மானாப்புல்லோ, தேயிலையோ, பைனஸ் கிளையோ இருக்கும். தலைக்கு மேலால் வீசி எறிய இடம் கிடைப்பது அபூர்வம். 6 அடி 6 அங்குல ரொட்டைப் பக்கவாட்டில் வீச முடிகிற பல இடங்களில் 7 அடி ரொட் கிளையில் மாட்டும். திறந்த கரையிலோ வள்ளத்திலோ நின்று எறிபவருக்கு 7 அடி கூடுதல் தூரம் தரும். ஒற்றைத் துண்டு ரொட்தான் நல்லது என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். ஹட்டனிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டு 7 அடிக் கோலைக் கொண்டுபோய்ப் பார்த்தவர்களுக்கு அந்த ஆலோசனை உதவாது. இரண்டு துண்டு ரொட்டில், குறிப்பாகப் பிடியோடு பிரிகிற வகையில், எறியும் உணர்வில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. பொருத்து மட்டும் எறிய எறியத் தளரும்; அரை மணிக்கு ஒரு முறை திருகி இறுக்கிப் பார்க்க வேண்டும். தளர்ந்த பொருத்தில் எறிந்தால் அந்த இடத்தில்தான் வெடிக்கும்.

இந்த ரொட்டில் வளையங்கள் மேல்பக்கம் இருக்கும். அதனால் மீன் இழுத்து ரொட் வளையும்போது நூல் கோலில் உரசப் பார்க்கும்; அப்படி உரசக்கூடாது. வாங்கும்போது நூலை வளையங்களுக்குள்ளால் விட்டு, நுனியை வேறொருவரை இழுக்கச் சொல்லிப் பாருங்கள். இரண்டு வளையங்களுக்கு நடுவில் நூல் கோலைத் தொட்டால் வளைய எண்ணிக்கை போதாது. நுனி வளையம் தவிர 8 அல்லது 9 வளையம் இருக்கிற ரொட்டுகளில் இந்தப் பிரச்சினை வருவதில்லை.

ரீலில் காசைக் கொட்ட வேண்டிய இடம் பிரேக்கும் ஸ்பூலும். பெயரிங் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாற வேண்டாம். பெட்டியில் 18+1 என்று போட்டிருக்கும் மலிவு ரீலைவிட 4+1 அல்லது 5+1 உள்ள நல்ல ரீல் சுத்தமாகச் சுழலும். பிரேக்கில் இரண்டு வகை: டாய்வாவின் மேக்ஃபோர்ஸ் போன்ற காந்தப் பிரேக், ஷிமானோவின் எஸ்விஎஸ் போன்ற மையவிலக்குப் பிரேக். காந்த வகையை வெளியே உள்ள டயலால் எறிதலுக்கு எறிதல் மாற்றலாம். மையவிலக்கு வகையில் ஸ்பூல் வேகமாகச் சுழலும்போது சிறு கட்டைகள் வெளியே தள்ளப்பட்டு உரசும். பல ரீல்களில் பக்க மூடியைத் திறந்துதான் எத்தனை கட்டை வேலை செய்ய வேண்டும் என்று மாற்றலாம். பின்னேரம் மலை இடுக்கால் காற்று திசை மாறி மாறி அடிக்கிற நம் தேக்கங்களில், முதல் ரீலுக்கு வெளி டயல் உள்ளதையே நான் சொல்வேன். காற்று மாறும்போது மூடியைக் கழற்றிக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

கியர் விகிதம் (கைபிடியின் ஒரு சுற்றுக்கு ஸ்பூல் எத்தனை சுற்று சுற்றும் என்பது) 6.3:1 முதல் 7.3:1 வரை இருந்தால் எல்லா வேலைக்கும் போதும். ஷிமானோ எஸ்எல்எக்ஸ் 150 வரிசையை உதாரணமாக எடுத்தால், 6.3 விகிதத்தில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 66 செ.மீ. நூல் ஏறும், 7.2இல் 76 செ.மீ., 8.2இல் 86 செ.மீ. தவளைக்கு 7 விகிதம் வசதி, ஏனென்றால் மீன் அடித்தவுடன் தளர்ந்த நூலைச் சட்டென்று ஏற்ற வேண்டும். 8 விகிதத்தில் பழகத் தொடங்குகிறவர் லூரைத் தேவைக்கு மிஞ்சிய வேகத்தில் இழுத்துவிடுவார். இன்னொன்று, பெயிட்காஸ்டரின் கைபிடியைப் பக்கம் மாற்ற முடியாது. இடக்கையால் சுற்றிப் பழகியவர் இடக்கை மொடலையே கேட்டு வாங்க வேண்டும்.

நூலில்தான் அதிகம் பிழை நடக்கிறது. பழகும் நாட்களுக்கு 12 அல்லது 14 இறாத்தல் தாங்கும் சாதாரண தங்கூசி (ஒற்றை இழை நைலோன் நூல்) போதும். விலை குறைவு, சிக்கு விழுந்தாலும் எடுக்க இலகு. கை படிந்த பிறகு 40 இறாத்தல் பிரெய்டுக்கு (பல இழை பின்னிய நூல்) மாறலாம். மெல்லிய பிரெய்ட் வேண்டாம். 20 இறாத்தல் நூல் பெரிய இழுவையில் தன் அடுக்குகளுக்குள்ளேயே புதைந்துவிடும், அடுத்த எறிதலில் நடுவானில் லூர் நின்று அறுந்து பறக்கும். பிரெய்டை நேரடியாக ஸ்பூலில் கட்டினால் மொத்த நூலும் வழுக்கிச் சுற்றும். டிராக் (மீன் பலமாக இழுக்கும்போது நூலை அளவோடு விட்டுக்கொடுக்கும் பகுதி) பழுது என்று நினைத்து ரீலைக் கழற்றுகிறவர்கள் உண்டு. அடியில் 8 முதல் 10 மீட்டர் தங்கூசி சுற்றி, அதில் பிரெய்டை முடிந்தால் வழுக்காது. ஸ்பூல் விளிம்புக்கு 3 மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள். 80 மீட்டருக்கு மேல் விரால் பிடிக்கத் தேவைப்படாது. நூல் கூடினால் ஸ்பூல் பாரமாகும், பாரமான ஸ்பூல் நிற்கவும் நேரமெடுக்கும்.

இனி பொருத்தும் முறை. லூரைக் கட்டி, ரொட்டைக் கிடையாகப் பிடித்து, பெருவிரலை ஸ்பூலில் வைத்துக்கொண்டு ஸ்பூலை விடுவிக்கும் பொத்தானை அமுக்குங்கள். கைபிடிப் பக்கத்து டென்ஷன் திருகை, லூர் மெதுவாக இறங்கி நிலத்தில் பட்டவுடன் ஸ்பூல் ஒரு சுற்றுக்குள் நிற்கும் வரை இறுக்குங்கள். பிரேக்கை முழு அளவின் முக்கால் பங்கில் வையுங்கள். லூர் எடை மாறும் ஒவ்வொரு முறையும் டென்ஷனை மறுபடி பார்க்க வேண்டும். 15 கிராமுக்கு வைத்ததிலேயே 10 கிராமை எறிவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. பழகும்போது முள் இல்லாத 14 கிராம் எறிகட்டையைப் புல் மைதானத்தில் எறியுங்கள். ஒரு நல்ல எறிதலுக்குப் பிறகு இன்னும் 5 மீட்டர் நூலை இழுத்துவிட்டு, ஸ்பூலில் மிச்சமிருக்கும் நூலின் மேல் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டினால் சிக்கு அதற்குக் கீழே போகாது.

சிக்கு எந்த இடத்தில் விழுகிறது என்று கவனித்தால் காரணம் தானாகத் தெரிந்துவிடும். எறிந்த நொடியிலேயே என்றால், கையை உதறியிருக்கிறீர்கள் அல்லது டென்ஷன் தளர்வு. நடுவழியில் என்றால் எதிர்க்காற்று. பிரேக்கை இரண்டு புள்ளி கூட்டி, லூரைத் தாழ்வாக அனுப்புங்கள். லூர் தண்ணீரில் விழுந்த பிறகு என்றால் பெருவிரல் தாமதம். லூர் தண்ணீரைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்னால் ஸ்பூலை நிறுத்த வேண்டும். வைகாசி முதல் புரட்டாசி வரை தென்மேல் பருவக்காற்று காசல்ரீ, மவுஸ்ஸாக்கலைத் தேக்கங்களின் பக்கம் வீசும் நாட்களில் முதல் பாடம் படிக்க வேண்டாம்.

சிக்கு விழுந்தால் இழுக்காதீர்கள். ரீலைப் பூட்டி, பெருவிரலால் ஸ்பூலை அழுத்திப் பிடித்தபடியே கைபிடியை இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். விரலை எடுத்துப் பொத்தானை அமுக்கி நூலை மெதுவாக உருவிப் பாருங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் பெரும்பாலான சிக்கு கழன்றுவிடும். கோபத்தில் இழுத்த தங்கூசி மடிந்து, அந்த மடிப்பிலேயே பிறகு அறுகிறது.

மவுஸ்ஸாக்கலையில் வறட்சிக்கு நீர் இறங்கும்போது பழைய மஸ்கெலியா நகரின் இடிபாடுகள் கோயிலோடு வெளியே தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். நிரம்பிய பிறகும் அந்தச் சுவரும் கல்லும் அடியில் அப்படியே இருக்கின்றன. அடியில் இழுக்கும் லூருக்கு 60 செ.மீ. ஃபுளூரோகார்பன் முன்நூல் கட்டுவது இதற்காக. பிரெய்ட் கல்லில் உரசினால் தாங்காது. லூர் மாட்டிக்கொண்டால் ரொட்டை வளைத்து இழுக்கக்கூடாது, நூலைக் கையில் சுற்றவும் கூடாது. 40 இறாத்தல் பிரெய்ட் விரலை வெட்டும். ஒரு தடித்த குச்சியில் நாலைந்து சுற்று சுற்றி நேராகப் பின்னால் நடந்தால் ஒன்றில் முள் நிமிரும், இல்லாவிட்டால் முடிச்சு அறும்.

இடம் பற்றியும் ஒரு வார்த்தை. அணைக்கட்டுகளை ஒட்டிய பகுதி பாதுகாப்பு வலயம். விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே சுற்றுவட்டம் சரணாலயம். அனுமதி விசாரிக்காமல் இறங்க வேண்டாம். தலவாக்கலையில் மேல் கொத்மலை அணைக்குக் கீழே போன்ற இடங்களில் வான்கதவு திறந்தால் ஆறு சட்டென்று ஏறும். சைரன் கேட்டால் சாமானை விட்டுவிட்டுக் கரையேறுங்கள்.

நீண்ட நாள் பாவனையில் எது தேய்கிறது? நம் ஊரில் உப்புக் காற்று இல்லை, ஆனால் பனியும் ஈரமும் உண்டு. நனைந்த ரீலைத் துணிப்பையில் மூடி வைத்தால் பெயரிங் துருப்பிடிக்கும், கோர்க் பிடியில் பூஞ்சணம் பூக்கும். வீட்டுக்கு வந்ததும் டிராக்கைத் தளர்த்தி, துடைத்து, வெளியிலேயே வைத்துக் காயவிட வேண்டும். நூலைப் பக்கம் பக்கமாகக் கொண்டுபோகும் திருகுத் தண்டில் சேறும் பாசியும் கலந்து கறுப்பாகப் படியும். பழைய பல்தூரிகையால் தேய்த்து ஒரு துளி மெல்லிய எண்ணெய் விட்டால் போதும். அந்தத் தண்டில் ஓடும் சிறு நாக்குத்தான் முதலில் தேயும். நூல் ஒரு பக்கமே குவியத் தொடங்கினால் அதை மாற்றும் காலம் வந்துவிட்டது. கிறீஸ் கியருக்கு மட்டும். கைபிடி பின்னால் சுற்றாமல் தடுக்கும் ஒருவழிப் பெயரிங்கில் எண்ணெய் கூடினால் அது வழுக்கும். விரால் அடித்து, ரொட்டைத் தூக்கும் அதே நொடியில் கைபிடி பின்னால் ஓடிவிடும்.

வளையங்களுக்குள் அவ்வப்போது ஒரு துண்டுப் பஞ்சை விட்டு இழுத்துப் பாருங்கள். இழை மாட்டும் இடத்தில் பீங்கான் வெடித்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த வெடிப்பு நல்ல பிரெய்டையும் சீவிவிடும். இதே பஞ்சுச் சோதனையை ஆளிடமிருந்து பழைய ரொட் வாங்கும்போதும் செய்யுங்கள். பழைய ரீல் என்றால் டிராக்கை முழுவதும் இறுக்கி, ஸ்பூலைப் பிடித்துக்கொண்டு கைபிடியைப் பின்னால் தள்ளிப் பாருங்கள். சிறிதளவு ஆட்டம் பரவாயில்லை, கால் சுற்றுப் போனால் வாங்க வேண்டாம்.