கேரவனுக்கு சர்ஜ் புரொடெக்டர்: வெளியே மாட்டுவதா, உள்ளே பொருத்துவதா?

இரண்டையும் வருஷக்கணக்கில் பயன்படுத்திப் பார்த்தாகிவிட்டது. முதலில் கேரவன் பார்க்கின் மின்கம்பத்து சாக்கெட்டில் மாட்டும் பெட்டி, அப்புறம் கேரவனின் டிபி போர்டுக்குள்ளேயே (மெயின் சுவிட்ச், பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி) பொருத்தியது. இப்போது ஓடுவது உள்ளே இருப்பதுதான். ஆனால் எதை வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது வேறு: வோல்டேஜ் எல்லை தாண்டினால் அது கரண்டைத் துண்டிக்குமா? துண்டிக்காது என்றால் உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

யூடியூபில் தேடினால் வருவதெல்லாம் அமெரிக்க வீடியோக்கள். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 30 அல்லது 50 ஆம்பியர் பிளக். அந்தப் பெட்டிகள் தென்னாப்பிரிக்காவில் எதற்கும் உதவாது. நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நீலநிற 16 ஆம்பியர் கேரவன் பிளக். ஆன்லைனில் ஆர்டர் போடுமுன் இதைப் பாருங்கள்.

சாதாரண சர்ஜ் புரொடெக்டருக்குள் இருப்பது எம்ஓவி என்ற சின்ன வில்லை. மின்னல் அருகே விழுந்தோ, லைனில் எங்கோ சுவிட்ச் விழுந்தோ ஒரு நொடியின் துளி நேரத்துக்கு வோல்டேஜ் எகிறினால், அதை எர்த்துக்குத் திருப்பிவிடும். எர்த் சரியில்லாத பார்க்கில் அந்த வேலையை ஒழுங்காகச் செய்ய முடியாது. ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் தேயும். நேரடி மின்னலுக்கு எந்தப் பெட்டியும் தாங்காது. டிராக்கன்ஸ்பர்க் மலைப் பக்கம் கோடை மாலையில் மேகம் கறுத்தால், கம்பத்திலிருந்து கேரவனுக்கு வரும் ஒயரான லீடையே நாங்கள் கழற்றிவிடுகிறோம்.

இங்கே அதிகம் சாமான் எரிவது வேறு காரணத்தால். செம்புத் திருட்டு நடக்கும் ஊரில் நியூட்ரல் ஒயர் போய்விட்டால், ஒரு ஃபேஸில் வோல்டேஜ் 400ஐ நெருங்கலாம். அது நொடியில் போகாது, நிமிஷக்கணக்கில் நிற்கும். பெரும்பாலும் 275 வோல்ட் வரை தாங்கவே செய்யப்பட்ட எம்ஓவி அதில் தானே வெந்துபோகும். லோட் ஷெடிங் (முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது) முடிந்து கரண்ட் திரும்பும் நேரமும் மோசம்தான்: ஊரிலுள்ள கீசர், ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரே சமயத்தில் இழுக்கும், வோல்டேஜ் தள்ளாடும். 2024 மார்ச் கடைசியில் லோட் ஷெடிங் நின்றது என்று நிம்மதியாக இருந்தோம், 2025 ஜனவரி இறுதியில் மறுபடி வந்தது. ஆகவே வோல்டேஜ் ரிலே, அதாவது வோல்டேஜ் எல்லை தாண்டினால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச், இல்லாத புரொடெக்டர் பாதி வேலைதான் செய்யும்.

வெளியே மாட்டும் பெட்டியின் பெரிய வசதி, கேரவனுக்குள் கரண்ட் வருமுன்பே அது பார்க்கின் வயரிங்கைச் சோதித்துவிடும். லைனும் நியூட்ரலும் மாறியிருந்தால் விளக்கு சொல்லும். நண்பருக்கு இரவல் கொடுக்கலாம், ஜெனரேட்டரிலும் போடலாம். தொல்லை எங்கே என்றால், அதன் எடை. சாக்கெட்டில் தொங்கித் தொங்கி பிளக்கைக் கீழே இழுக்கும். பின்கள் சரியாகப் பொருந்தாமல் சூடேறி ஒன்று கறுத்து, அதைச் சுற்றிய நீலப் பிளாஸ்டிக் பழுப்பாகிவிட்டது. கம்பிக் கொக்கி போட்டுக் கம்பத்தில் கட்டித்தான் சமாளித்தேன். க்ரூகர் வனவிலங்குப் பூங்காவில் குரங்கு வந்து அந்தக் கம்பியை இழுத்து விளையாடும். திருட்டுக்குப் பயந்து சங்கிலியும் பூட்டும். கடற்கரைப் பார்க்குகளில் உப்புக் காற்றில் பின்கள் பச்சை பூத்துவிடும்.

உள்ளே பொருத்தியபோது பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட்டோம். மெயின் சுவிட்சுக்குப் பிறகு டைப் 2 (போர்டுக்குள் பொருத்தும் வகை) சர்ஜ் புரொடெக்டர், அதன்பின் வோல்டேஜ் ரிலே. புரொடெக்டருக்குப் போகும் ஒயர்கள் மொத்தம் அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும், நீண்டால் பாதுகாப்பு குறையும் என்றார் அவர். ரிலேவை 195 வோல்ட்டுக்குக் கீழும் 255க்கு மேலும் துண்டிக்க வைத்திருக்கிறேன். கரண்ட் திரும்பினாலும் 3 நிமிஷம் காத்திருந்துதான் விடும். ஏசி, கம்ப்ரெசர் ஃபிரிட்ஜ் உள்ளவர்களுக்கு இது அவசியம். கேஸிலும் ஓடும் மூவழி ஃபிரிட்ஜில் கம்ப்ரெசர் கிடையாது, அவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

உள்ளே வைப்பதன் லாபம் எனக்குப் புரிந்தது ஸ்காட்பரோவில். புனித வெள்ளியன்று இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு மறுநாள் கேரவனை இழுத்துக்கொண்டு போனோம். ஈஸ்டர் கூட்டம், பார்க் நிறைந்து வழிந்தது. மதியம் ரிலேவின் திரையில் 228. மாலை ஆறு மணிக்கு எல்லாக் கேரவனிலும் சமையல் தொடங்கியதும் 204. மனைவி கெட்டிலைப் போட்டதும் 197. பக்கத்தில் சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்த ஒரு மாமா, வெளிப்பெட்டிக்காரர், இரண்டு மெல்லிய லீடுகளைச் சேர்த்து இழுத்திருந்தார்.

“தம்பி, கம்பத்துல 203 காட்டுது, உள்ள 195 காட்டுது. எது பொய்?”

“ரெண்டும் உண்மைதான் மாமா. நடுவுல உள்ளதை லீடு தின்னுடுச்சு.”

நல்ல 2.5 சதுர மில்லிமீட்டர் லீடிலேயே 25 மீட்டருக்கு 16 ஆம்பியர் ஓடினால் சுமார் 6 வோல்ட் வழியிலேயே போய்விடும். வெளிப்பெட்டி பார்ப்பது கம்பத்து வோல்டேஜை; ஃபிரிட்ஜுக்கு வந்து சேர்வதைப் பார்ப்பது உள்ளே இருக்கும் ரிலே.

இன்னொரு பார்க்கில், பெயர் வேண்டாம், நள்ளிரவில் கரண்ட் திரும்பியபோது வோல்டேஜ் எல்லை தாண்டியிருந்ததால் எங்கள் ரிலே அதை உள்ளே விடவேயில்லை. காலையில் எதிர்வரிசையில் இரண்டு மைக்ரோவேவ் போயிருந்தன.

குறையும் இருக்கிறது. புரொடெக்டர் செத்தாலும் கரண்ட் வழக்கம்போல வந்துகொண்டிருக்கும், அதன் முகப்பிலுள்ள சின்ன அடையாள ஜன்னல் பச்சையிலிருந்து சிவப்பாக மாறுவதுதான் ஒரே அடையாளம். எங்கள் போர்டு சீட்டுக்கு அடியில் இருப்பதால் டார்ச் அடித்துக் குனிந்து பார்க்க வேண்டும். புதிதாகப் பொருத்துகிறவர்கள் கண்ணில் படும் இடத்தைக் கேட்டு வாங்குங்கள். மண் சாலையில் குலுங்கினால் போர்டின் ஸ்குரூக்கள் தளரும்; சர்வீஸின்போது இறுக்கச் சொல்லுங்கள். ரிலேவை 16 ஆம்பியருக்கு வாங்காமல் 40 ஆம்பியருக்கு வாங்கினால் சூடேறாது.

கேரவனை வாடகைக்கு எடுப்பவர்கள், வருஷத்துக்கு ஒருமுறை போகிறவர்கள் வெளிப்பெட்டியே வாங்கலாம், ரிலே உள்ளதாகப் பார்த்து. சொந்தக் கேரவன் என்றால் உள்ளேயே வையுங்கள். பழைய பெட்டியை நான் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக இப்போது ஒரு சின்ன பிளக் டெஸ்டரும் நீல அடாப்டரும் டூல் பாக்ஸில் கிடக்கின்றன. லீடை மாட்டுமுன் லைன், நியூட்ரல், எர்த் மூன்றையும் அதில் பார்த்துக்கொள்கிறேன்.