சில்லர் ரூம் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: மாற்றாத வால்வுக்கு 2,850 வெள்ளி தண்டம் அழுதேன்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போய்த் தொலையட்டும்" என்று நானே விட்டுவிடுவேன். 2,850 மலேசிய வெள்ளி. முழம் முழமாகக் கட்டி விற்கிறவர்களுக்குத்தான் அது எவ்வளவு பூ என்று தெரியும்.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் மாரியம்மன் கோவிலுக்குப் பக்கத்தில் அப்பா காலத்துப் பூக்கடை எங்களுடையது. பின்பக்கம் பூ வைக்க ஒரு சின்ன சில்லர் ரூம், அதாவது குளிர் அறை. 5 டிகிரியில் நிற்க வேண்டியது, போன செவ்வாய்க்கிழமை காலையில் 13 காட்டியது. உள்ளே போய்ப் பார்த்தால் கூலிங் காயில் (குளிர்விக்கும் குழாய்ச் சுருள்) முழுக்க வெள்ளை வெளேரென்று ஐஸ். சனிக்கிழமை பட்டர்வொர்த்தில் கல்யாணம், மணமாலையும் சடைப்பூவும் என் பொறுப்பு. வழக்கமாக ரிப்பேருக்கு வரும் அங்கிள் ஊரில் இல்லை. ரிப்பேருக்கு ஆள் அனுப்பும் ஒரு ஆப்பில் தேடி, நிறைய ஸ்டார் வாங்கியிருந்த ஒருவனுக்கு, பார்க்க வரும் கூலி 60 வெள்ளி கட்டினேன்.

எந்த இடத்தில் நம்பினேன் என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். வந்தவன் நம் தமிழ்ப் பையன். சொல்லாமலே வாசலில் செருப்பைக் கழற்றினான். அப்பா படத்து மாலையைப் பார்த்து, "நீங்களே கட்டினதாக்கா? எங்க பாட்டியும் பூ கட்டுவாங்க" என்றான். அங்கேதான் விழுந்தேன். அதற்கப்புறம் அவன் சொன்ன எதையும் நான் கேள்வி கேட்கவில்லை.

"காயிலுக்கு கேஸை அளந்து விடற எக்ஸ்பான்ஷன் வால்வு போயிடுச்சுக்கா, அதான் ஐஸ். வால்வோட இந்த பல்ப்ல கேஸே இல்ல பாருங்க" என்று குழாயோடு சேர்த்துக் கட்டியிருந்த ஒரு செம்பு உருளையை அவிழ்த்துக் காட்டினான். வால்வு 1,150, காயில் கெமிக்கல் வாஷ் 700, கேஸ் 800, கூலி 200. "ஆப்ல கட்டினா கமிஷன் பிடிச்சிருவாங்க, பார்ட்ஸ் எடுக்க முடியாது. என் அக்கவுண்டுக்கே போட்டுடுங்க. ஒரு வருஷம் வாரண்டி எழுதித் தர்றேன்." 2,850 வெள்ளியையும் ஒரே தடவையில் போட்டேன். ஒரு புது டப்பாவைக் கையில் ஆட்டிக் காட்டிவிட்டு, "கேஸ் வாடை வரும், நீங்க முன்னாடி இருங்கக்கா" என்று கதவைச் சாத்திக்கொண்டான். 50 நிமிடத்தில் வேலை முடிந்தது. டிகிரியும் இறங்கியது. போகும்போது அவன் பாட்டிக்கு என்று இரண்டு முழம் மல்லிகை கொடுத்தனுப்பினேன். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

வியாழக்கிழமை ராத்திரி மறுபடியும் 12 டிகிரி. வெள்ளிக்கிழமை காலையில் மல்லிகை பாதி பழுப்பு. பக்கத்துக் கடையில் சில்லறை விலைக்குப் பூ வாங்கித்தான் கல்யாணத்தை ஒப்பேற்றினேன்.

போன் செய்தேன். "கதவை அடிக்கடி திறக்கறீங்கக்கா." மறுபடி செய்தேன். "பாலேக் பூலாவ்ல வேலை, நாளைக்குக் காலையில முதல் ஆளா வர்றேன்." வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். ஆப்காரர்களிடம் போனால், மூன்று தடவை மிஷின்தான் வருத்தம் தெரிவித்தது. நான்காவது தடவை ஒரு பெண் பேசினார். எங்கள் கணக்கில் நீங்கள் கட்டியது 60 வெள்ளிதான், மற்றது உங்களுக்கும் அவருக்கும் உள்ள விஷயம் என்றார். 20 வெள்ளி கூப்பன் தருகிறார்களாம். 2,850 வெள்ளிக்கு 20!

நேற்று எங்கள் சீன அங்கிள் ஊரிலிருந்து வந்தார். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். வால்வு நட்டில் பல வருஷத்துப் பச்சைக் களிம்பு அப்படியே இருந்தது. ஸ்பேனர் பட்ட தடம்கூட இல்லை. வால்வை மாற்றுவதென்றால் கேஸை எடுத்து, ஈரம் உறிஞ்சும் டிரையரையும் மாற்றி, நைட்ரஜன் ஏற்றி லீக் பார்த்து, வேக்கம் பம்ப் ஓடவிட்டு, அப்புறம்தான் கேஸை எடை பார்த்துப் போடவேண்டுமாம். 50 நிமிடத்தில் நடக்கிற காரியமா? அவன் செய்தது ஐஸ் மேல் தண்ணீர் அடித்துக் கரைத்தது மட்டும்தான். ஐஸ் போனால் காற்றுப் புகும், இரண்டு நாள் குளிரத்தானே செய்யும். உண்மையான கோளாறு, ஐஸை அவ்வப்போது கரைக்க வைக்கும் டிஃப்ராஸ்ட் டைமர் நின்றதும், இரண்டு ஃபேனில் ஒன்று சுற்றாததும்தான். 320 வெள்ளியில் சரியாகிவிட்டது.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. அவிழ்த்துக் காட்டினானே அந்த பல்ப், அதைத் திரும்பக் கட்டாமலே போயிருக்கிறான். காயிலிலிருந்து வெளியே வரும் குழாயின் குளிர்ச்சியைத் தொட்டுப் பார்த்துத்தான் வால்வு கேஸை அளந்து விடுமாம். பல்ப் சும்மா தொங்கினால் சூடு என்று நினைத்து வால்வு அகலத் திறந்துகொள்ளும், கேஸ் திரவமாகவே கம்ப்ரஸருக்குத் திரும்பும். கம்ப்ரஸர் வரை குழாயில் உறைபனி பிடித்திருந்தது. இன்னும் சில நாள் போயிருந்தால் அதுவும் போயிருக்கும் என்றார் அங்கிள்.

போலீஸ் ரிப்போர்ட் கொடுத்தாகிவிட்டது. விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், நேரமில்லை. ஆப்புக்கு வெளியே ஒரு காசு கட்டாதீர்கள். கதவைச் சாத்த விடாதீர்கள், கூடவே நில்லுங்கள். கழற்றிய பழைய வால்வைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். கேஸ் குறைந்துவிட்டது என்றால் லீக் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள், லீக் இல்லாமல் கேஸ் குறையாது. போலீஸின் செமாக் மியூல் என்ற இணையப் பக்கத்தில் வங்கிக் கணக்கு நம்பரைப் போட்டால் அதன் மேல் புகார் இருக்கிறதா என்று தெரியும். நான் நேற்றுதான் போட்டுப் பார்த்தேன். எனக்கு முன்னாலேயே இரண்டு ரிப்போர்ட் இருந்தது.

லாரி வந்துவிட்டது, சாமந்தியை இறக்க வேண்டும். அவன் பெயரைக் கேட்கிறவர்கள் கடைக்கு வாருங்கள், நேரில் சொல்கிறேன்.