கிரிஷாமின் இரண்டு மரண தண்டனை நாவல்கள்: எது முதலில்?

அமெரிக்க நாவலாசிரியர் ஜான் கிரிஷாமின் ‘தி சேம்பர்’ (1994), ‘தி கன்ஃபெஷன்’ (2010) இரண்டும் மரண தண்டனைக் கதைகள். ஒன்றைத்தான் படிக்க முடியும் என்றால் முதலாவதைத்தான் கையில் கொடுப்பேன்.

‘தி கன்ஃபெஷன்’ விறுவிறுப்பானது. செய்யாத கொலைக்காக டெக்சஸில் ஒரு கறுப்பின இளைஞன் சாவை எதிர்நோக்கியிருக்கிறான். உண்மையான கொலைகாரன் கேன்சஸில் ஒரு பாதிரியாரிடம் போய் ஒப்புக்கொள்கிறான். படிக்கப் படிக்க ரத்தம் கொதிக்கும். ஆனால் நிரபராதியைக் கொல்லலாம் என்று யார் வாதாடப் போகிறார்கள்?

‘தி சேம்பர்’ வேறு ரகம். சாம் கேஹால் கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டத்து ஆள். 1967இல் மிசிசிப்பியில் ஒரு யூத வழக்கறிஞரின் அலுவலகத்தில் வெடித்த குண்டில் அவருடைய ஐந்து வயது இரட்டைப் பிள்ளைகள் செத்துப்போனார்கள். அதற்காக மரண தண்டனை பெற்ற சாமுக்காக வாதாட வருபவன் சொந்தப் பேரன். மனு மேல் மனுவாக நடுவில் கதை இழுக்கிறது, பொறுத்துக்கொள்ள வேண்டும். பார்ச்மன் சிறையின் விஷவாயு அறைக்குப் போகப்போகும் கிழவன் மேல் இரக்கம் வரும் அதே பக்கத்தில், அதே குண்டில் கால்களை இழந்த, பிள்ளைகளின் தகப்பனான அந்த வழக்கறிஞரும் நினைவுக்கு வருகிறார். மரண தண்டனை வேண்டாம் என்கிற கட்சி நான். என்னை உரசிப் பார்த்தது இந்த நாவல்தான்.

ரயில் பயணத்துக்கு மட்டும் என்றால் ‘தி கன்ஃபெஷன்’ போதும்.