1/700 போர்க்கப்பலுக்கு எந்த வாஷ்: அக்ரிலிக்கா, எனாமலா, ஆயிலா?

பிரிட்டிஷ் போர்க்கப்பல் பிரின்ஸ் ஆப் வேல்ஸ் 1941 டிசம்பர் 2ஆம் தேதி சிங்கப்பூருக்கு வந்தது. எட்டே நாளில் மலாயாவின் கிழக்குக் கரையில் குவாந்தானுக்கு அப்பால் மூழ்கியது. அதன் பிளாஸ்டிக் மாதிரியை 1/700 அளவில் செய்துகொண்டிருக்கிறேன். 227 மீட்டர் கப்பல் என் மேசையில் 32 சென்டிமீட்டர் சொச்சம்தான். இங்கே 1 மில்லிமீட்டர் என்றால் நிஜத்தில் 70 சென்டிமீட்டர். தூரிகை கொஞ்சம் தடித்தால் போதும், நங்கூரத்துக்குக் கீழே வழியும் துருக்கோடு கதவு அகலத்துக்கு ஆகிவிடும். அதனால் வாஷ் (அழுக்கும் துருவும் காட்ட அடி வண்ணத்தின் மேல் பூசும் நீர்த்த வண்ணம்) வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது, தப்பாகப் போனால் அழிக்க முடியுமா என்பதைத்தான்.

அக்ரிலிக் வாஷில் வாடை கிடையாது, தூரிகையைத் தண்ணீரிலேயே கழுவலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் படுக்கையறையிலேயே வண்ணம் அடிப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். ஆனால் மின்விசிறிக் காற்றில் சில நிமிடங்களில் காய்ந்து, ஓரத்தில் வட்டக் கறை விட்டுவிடும். அப்புறம் தண்ணீரால் அதை எடுக்க முடியாது. அடி வண்ணத்துக்கு அக்ரிலிக்தான் என் தேர்வு, வாஷுக்கு இல்லை.

எனாமல் ஓடும் அழகே தனி. பீரங்கிக் கோபுரத்தின் அடியில் தூரிகை நுனியால் தொட்டால், அதுவே இடுக்கைச் சுற்றி ஓடி நின்றுகொள்ளும். மிஞ்சியதைத் தின்னர் நனைத்த காது குடையும் பஞ்சால் துடைக்கலாம். கீழே அக்ரிலிக் இருந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வாடை உண்டு, ஜன்னலைத் திறந்தே ஆக வேண்டும். வண்ணம் படாத பிளாஸ்டிக்கில் தின்னர் தேங்கினால் அது நொறுங்கும். ஒருமுறை மெல்லிய கொடிக்கம்பம் என் கையோடு வந்துவிட்டது.

நான் கடைசியில் நிற்பது ஆயிலில். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் ஓவியர்கள் வாங்கும் அதே டியூப்தான். கொஞ்சம் பிதுக்கி அட்டைத் துண்டில் அரைமணி நேரம் வைத்தால் எண்ணெயை அட்டை உறிஞ்சிவிடும். வண்ணம் பளபளப்பில்லாமல் காயும். கப்பலின் பக்கவாட்டில் ஊசிமுனை அளவு புள்ளி வைத்து, தின்னர் லேசாகத் தொட்ட தட்டைத் தூரிகையால் கீழ்நோக்கி இழுங்கள். கோடு தடித்தால் மறுபடி இழுத்து மெலிதாக்கலாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வந்து பார்த்துப் பிடிக்கவில்லையென்றாலும் துடைத்து எடுக்கலாம். இந்த அளவுக் கப்பலுக்கு அந்த அவகாசம்தான் உயிர். காய நாளாகும் என்பது உண்மை. தூசி விழாமல் பெட்டியைக் கவிழ்த்து மூன்று நாள் விட்டுவிடுவேன்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, மழை பெய்யும்போது மட்டும் வார்னிஷ் ஸ்பிரே அடிக்காதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும்.

எவ்வளவு துரு? பிரின்ஸ் ஆப் வேல்ஸ் படையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத கப்பல். அக்டோபர் கடைசியில் பிரிட்டனிலிருந்து கிளம்பி, கேப் டவுன், கொழும்பு வழியாக ஐந்து வாரத்துக்கு மேல் பயணம். அதனால் அலை அடித்த உப்புத் தடமும் நீர்மட்டத்து அழுக்கும்தான் பொருந்தும். வெள்ளையையும் ரா அம்பர் என்ற பழுப்பையும் கலந்து இழுக்கிறேன். ஆரஞ்சுத் துரு நங்கூரச் சங்கிலிப் பக்கம் ஒரு கோடு, அவ்வளவே.