450 ரூபாய்க்கு ஏழு யுகங்கள்

வேலூரில் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையில் போன மாதம் ஒரு சுவர்ப்படம் வாங்கினேன். 5 அடி நீளம், இரண்டரை அடி அகலம், ஃபிளெக்ஸ் துணி, மேலும் கீழும் ரீப்பர் கட்டை. தலைப்பு 'தேவனுடைய ஏழு யுகங்கள்'. கூடவே 32 பக்கத்தில் ஒரு விளக்கப் புத்தகம். இரண்டும் சேர்த்து 450 ரூபாய். வாங்கலாமா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது.

எனக்கு இது எதற்கு என்றால், காந்தி நகரில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெண்களுக்கு வேதபாட வகுப்பு எடுக்கிறேன். பதினான்கு பேர் வருவார்கள். சங்கீதம் மனப்பாடமாகச் சொல்வார்கள், ஆனால் தாவீது முந்தியா மோசே முந்தியா என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். முப்பத்தொரு வருஷம் பள்ளியில் சரித்திரம் நடத்திய எனக்கு அது தாங்காது. கடைத் தம்பி படத்தைப் பாதி விரித்துக் காட்டி, "இன்னா டீச்சர், இத மாட்டிட்டீங்கன்னா ஆதாம்லேர்ந்து ஆயிரவருட அரசாட்சி வரைக்கும் ஒரே பார்வைல முடிஞ்சிடும்" என்றார். பாதி விரித்ததைப் பார்த்தே பணத்தைக் கொடுத்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். அச்சு சுத்தம். கடைசி வரிசையில் கண்ணாடி இல்லாமல் உட்காரும் ஆயா கூட எழுத்தைப் படிக்கிறார். ஏழு கட்டம், ஏழு நிறம்: குற்றமற்ற காலம், மனச்சாட்சியின் காலம், மனித அரசாட்சியின் காலம், வாக்குத்தத்தத்தின் காலம், நியாயப்பிரமாண காலம் (மோசே வழியாக வந்த சட்டம்), கிருபையின் காலம், ராஜ்ய காலம் (கிறிஸ்து ஆயிரம் வருஷம் ஆளும் காலம்). ஏதேனில் தொடங்கி, ஜலப்பிரளயம், பாபேல் கோபுரம், ஆபிரகாம், சீனாய் மலை, சிலுவை என்று கண் தானாக நகர்கிறது. ஒரே வாரத்தில் தாவீது எந்தக் கட்டம் என்று பதினான்கு பேரும் சொன்னார்கள். அந்த ஒன்றுக்கே பாதி விலை சரியாகிவிட்டது. குறை என்றால், நம்மூர் வெயிலில் ஃபிளெக்ஸ் கீழ்ப்பக்கம் சுருள்கிறது. முதல் வாரம் பெயிண்ட் வாசனையும் இருந்தது. ஐபிராத்து நதியை 'ஐபிராந்து' என்று போட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் மன்னிக்கலாம்.

'யுகம்' என்ற தலைப்புதான் முதல் நாளே வம்பு செய்தது. "கலியுகம்னு சொல்றாங்களே, அதுல ஒண்ணா இது?" என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. விளக்கப் புத்தகத்தைப் புரட்டினால் ஒரு பக்கம் யுகம், அடுத்த பக்கம் காலம், அதற்கடுத்து நிர்வாகம். மூன்றும் 'டிஸ்பென்சேஷன்' என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு வந்த மொழிபெயர்ப்பு. மூலத்தில் கிரேக்கச் சொல் ஒய்கொனொமியா, வீட்டு நிர்வாகம் என்று பொருள். நம் வேதாகமத்தில் எபேசியர் முதல் அதிகாரத்தில் அதை 'நியமம்' என்கிறார்கள். லூக்கா 16-ல் அதே சொல்லுக்கு 'உக்கிராணம்'. எஜமான் கூப்பிட்டு "உன் உக்கிராணக்கணக்கை ஒப்புவி" என்கிறாரே, அந்த உக்கிராணம். கல்யாண மண்டபத்தில் அரிசி, பருப்பு, பூசணிக்காய் அடுக்கி வைத்து ஒருவர் சாவியோடு உட்கார்ந்திருப்பார் இல்லையா, அந்த அறை. வகுப்பில் இப்படிச் சொன்னதும் கலியுகம் போயே போய்விட்டது. காலை டிபனுக்கு ஒன்று எடுத்துத் தருகிறார், மத்தியானப் பந்திக்கு வேறொன்று தருகிறார், வீட்டுக்காரர் ஒருவர்தான். 32 பக்கத்தில் இந்த உக்கிராணத்துக்கு ஒரு வரிகூட இல்லை.

இனி உள்ளடக்கம். இங்கே என் மாமாவைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், சகோதரர் சபைக்காரர், பிரெதரன் என்பார்கள். நான் சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை. குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவள் என்பதற்காக நாற்பது வருஷமாக என்னைக் கிண்டல் செய்கிறார். படம் வந்த செய்தி கேட்டு சத்துவாச்சாரியில் இருந்து பஸ் பிடித்து வந்துவிட்டார்.

வந்தவர் படத்துக்கு முன்னால் நின்று சந்தோஷப்பட்டுக்கொண்டே இருந்தார். இந்த ஏழு கட்டத்தை அவர் சிறுவயதில் கைச்சித்திரமாகப் பார்த்தாராம். இந்த முறையை 19-ஆம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்தியவர் சகோதரர் சபை முன்னோடி ஜான் நெல்சன் டார்பி. அமெரிக்காவில் ஸ்கோஃபீல்ட் என்பவர் 1909-ல் அடிக்குறிப்புகளோடு வெளியிட்ட வேதாகமம்தான் இதை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது. ஒவ்வொரு காலத்திலும் தேவன் மனிதனுக்கு ஒரு பொறுப்பு கொடுக்கிறார், மனிதன் தவறுகிறான், நியாயத்தீர்ப்பு வருகிறது, அடுத்த காலம் தொடங்குகிறது. ஏழு பரீட்சை, ஏழிலும் பெயில். ஆசிரியையாக எனக்கு அந்தக் கணக்கே உறுத்தும். இத்தனை தடவை பெயிலானால் வாத்தியாரை மாற்றச் சொல்லிப் பெற்றோர் வந்து நிற்பார்கள். அதைச் சொன்னதற்கு மாமா சிரிக்கவில்லை.

படத்தில் ஐந்தாவது கட்டத்துக்கும் ஏழாவதுக்கும் நடுவில் ஆறாவது கட்டத்தைத் தனியாக ஒரு தீவு மாதிரி வரைந்திருக்கிறார்கள். கிருபையின் காலம், அதாவது சபையின் காலம் அது. தானியேல் 9-ல் வரும் எழுபது வாரங்களில் 69 முடிந்துவிட்டன; ஒரு வாரம் ஏழு வருஷம் என்று கணக்கு, அதாவது 483 வருஷம். 70-ஆவது வாரம் இன்னும் வரவில்லை. இடைவெளியில் சபை. சபை வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பிறகு இஸ்ரவேலின் கணக்கு மறுபடி ஓடத் தொடங்கும். மாமா இதை ரயில்வே பாஷையில் சொன்னார். "இஸ்ரவேல் வண்டிய காட்பாடி ஜங்ஷன்ல லூப் லைன்ல போட்டிருக்கு. மெயின் லைன்ல சபை வண்டி போவுது. அது போனதும் லூப் லைன் வண்டிக்கு சிக்னல். ரெண்டும் வேற வேற வண்டிம்மா."

அந்த உதாரணம் படத்தைவிடத் தெளிவு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்கு வந்த வண்டி ஒன்றுதான். "மாமா, ஒரே வண்டி, காட்பாடியில் கூடுதல் பெட்டி சேர்த்தாங்க, அவ்வளவுதான்" என்றேன். ரோமர் 11-ல் பவுல் சொல்வது இரண்டு மரமா? ஒலிவமரம் ஒன்று, சில கிளைகளை வெட்டினார்கள், காட்டொலிவத்தை ஒட்டவைத்தார்கள். ஒட்டு மாங்கன்று வைத்தவர்களுக்குத் தெரியும், ஒட்டுக்கட்டினால் வேர் ஒன்றுதான். கலாத்தியர் மூன்றாம் அதிகாரக் கடைசி வசனம், கிறிஸ்துவினுடையவர்கள் ஆபிரகாமின் சந்ததி என்கிறது.

ஒரே மரம், ஒரே உடன்படிக்கை (தேவன் தம் ஜனத்தோடு செய்த ஒப்பந்தம்) என்பது எங்கள் பக்கத்துப் படிப்பு. ஆற்காடு மிஷன் 1853-ல் தொடங்கியது, மிஷனெரிகளான ஸ்கடர் குடும்பத்தார் வந்தது, எல்லாம் அமெரிக்கச் சீர்திருத்தச் சபையில் இருந்து. அவர்களுடைய ஹைடல்பர்க் வினாவிடை 1563-ஆம் வருஷத்தது. குழந்தைகளும் பெரியவர்களைப் போலவே உடன்படிக்கைக்கும் சபைக்கும் உட்பட்டவர்கள், அதனால் அவர்களுக்கும் ஞானஸ்நானம் உண்டு என்று அதில் இருக்கிறது. ஆக நாற்பது வருஷக் கிண்டலுக்கும் இந்தப் படத்துக்கும் சம்பந்தம் உண்டு. ஒரே உடன்படிக்கை என்று பார்ப்பவர் குழந்தையை ஞானஸ்நானத் தொட்டிக்குக் கொண்டுபோவார். சபை புதிதாகத் தொடங்கிய வேறொன்று என்று பார்ப்பவர் விசுவாசித்த பிறகுதான் தண்ணீரில் இறக்குவார்.

மாமாவும் சும்மா விடவில்லை. "உங்க ஆளுங்க கிரியைகளின் உடன்படிக்கை, கிருபையின் உடன்படிக்கைன்னு ரெண்டா பிரிக்கிறீங்களே, ஆதியாகமத்துல ஆதாம் கிட்ட அப்படி ஒரு உடன்படிக்கைன்னு எங்க எழுதியிருக்கு? வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கைல எழுதினாங்க, 1640-கள்ல." அந்தச் சொல் ஆதியாகமத்தில் அங்கே இல்லை என்பது உண்மை. அடுத்ததாக, எகிப்தின் நதி தொடங்கி ஐபிராத்து மட்டும் என்று ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்றார். தேவனுடைய கிருபை வரங்களும் அழைப்பும் மாறாதவை என்று அதே ரோமர் 11-ல் இருக்கிறது என்றும் சொன்னார். அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. காபி போடப் போனேன்.

காபி கொண்டுவரும்போது மாமா கையில் என் சிவப்புப் பேனா. ஐந்தாவது கட்டத்தின் அடியில், நான் கடையில் பார்க்காத பாதியில், சின்ன எழுத்தில் ஒரு வரி: 'இரட்சிப்பின் வழி: நியாயப்பிரமாணக் கிரியைகள்'. ஆறாவதில்: 'இரட்சிப்பின் வழி: விசுவாசம்'. இந்தப் படத்தின் பெரிய குறை இதுதான். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். நான் கோபப்படுவதற்குள் மாமா கோபப்பட்டுவிட்டார். "இத எவன் எழுதினான்? நாங்க இப்படிச் சொல்றதே இல்ல!"

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. ஸ்கோஃபீல்ட் 1909-ல் யோவான் 1:17-க்குப் போட்ட குறிப்பில், நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்படிவது 'இனி' இரட்சிப்புக்கு நிபந்தனை இல்லை என்ற பொருளில் எழுதிவிட்டார். இனி இல்லை என்றால் முன்பு இருந்ததா? மறுதரப்பு அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, இவர்கள் இரண்டு வழி போதிக்கிறார்கள் என்று பல வருஷம் அடித்தது. 1967-ல் வந்த புதிய பதிப்பில் அந்தக் குறிப்பைத் திருத்தினார்கள். அதற்கு முன்பே 1965-ல் அதே முறையைப் போதித்த அமெரிக்க இறையியலாளர் சார்லஸ் ரைரி தெளிவாகச் சொல்லியிருந்தார்: எல்லாக் காலத்திலும் இரட்சிப்புக்கு அடிப்படை கிறிஸ்துவின் மரணம், கேட்கப்படுவது விசுவாசம், மாறுவது எதை எவ்வளவு அறிந்து விசுவாசித்தார்கள் என்பது மட்டும். எங்கள் பக்கத்தவர்கள்கூட இதில் சண்டை போட ஒன்றுமில்லை. அவர்கள் பக்கத்திலேயே பெரியவர்கள் கைவிட்ட ஒன்றை வேலூர்க் கடையில் புதிதாக ஃபிளெக்ஸில் அடித்து விற்கிறார்கள்.

மாமா வரியை அடித்தார். நான் மேலே போனேன். இரண்டாவது கட்டத்தில், பேழைக்குப் பக்கத்தில், பேனாவால் எழுதினேன்: 'நோவாவுக்கோ, கர்த்தருடைய கண்களில் கிருபை கிடைத்தது.' கிருபை என்ற சொல் படத்தில் ஆறாவது கட்டத்தில் மட்டும்தான் இருந்தது. வேதாகமத்தில் ஆறாவது அதிகாரத்திலேயே வந்துவிடுகிறது. முதல் கட்டத்தின் முடிவில் ஆதாமுக்கும் ஏவாளுக்கும் உடுத்திய தோல் உடைகளையும் வரையச் சொல்லி அக்கா சொன்னாள். வரைந்தேன். ரெயின்கோட் மாதிரி வந்தது.

மாமாவுக்கு அன்றைக்கு ஒரு விஷயம் சொன்னேன், அவர் கேள்விப்பட்டதில்லையாம். சகோதரர் சபையின் முன்னோடிகளில் ஒருவரான அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ் பிற்பாடு நம் பக்கம் சித்தூரில் குடியிருந்தார். அப்போது சித்தூர் வட ஆற்காடு மாவட்டம்தான். 1911-ல்தான் பிரிந்தது. அந்த குரோவ்ஸ் 1836-ல் டார்பிக்கு ஒரு கடிதம் எழுதினார். எதற்கு ஆதரவாகச் சாட்சி சொல்கிறீர்கள் என்பதைவிட எதை எதிர்க்கிறீர்கள் என்பதால்தான் நீங்கள் அறியப்படுவீர்கள் என்று அதில் எச்சரித்தார். மாமா காபியைக் கீழே வைத்துவிட்டு, "சித்தூர்ல எங்க?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் கடைக்குப் போனேன். பிரித்துவிட்டால் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். நான் பணம் கேட்கவில்லை, அந்த வரியைக் காட்டினேன். "கம்பெனில இருந்து வர்றது டீச்சர், நாங்க படிக்கிறதில்ல" என்றார் தம்பி. புத்தகக் கடையில் அந்தப் பதில் கேட்க வருத்தமாக இருந்தது. ஒரு ஆறுதல், கிறிஸ்துவின் வருகைக்குத் தேதி எதுவும் படத்தில் போடவில்லை. தொடக்கத்தில் மட்டும் கி.மு. 4004 என்று இருக்கிறது. உலகம் படைக்கப்பட்ட வருஷம் என்று 17-ஆம் நூற்றாண்டில் அஷர் பேராயர் போட்ட கணக்கு அது. வகுப்பில் அதன்மேல் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டிவிட்டேன்.

சரி, வாங்கலாமா? ஓய்வுநாள் பள்ளிக்குப் படத்தை மட்டும் மாட்டிவிட்டுப் போவதாக இருந்தால் வேண்டாம். பக்கத்தில் நின்று பேச ஒருவரும், மறுத்துப் பேச இன்னொருவரும் இருந்தால் வாங்குங்கள். விளக்கப் புத்தகம் இல்லாமல் படம் மட்டும் 300-க்குத் தருகிறார்கள். அது போதும். முழுவதும் விரித்துப் பாருங்கள், ஐந்தாவது கட்டத்தின் அடிவரி இருக்கிறதா என்று பாருங்கள். மடித்துத் தர வந்தால் உருட்டித் தரச் சொல்லுங்கள், மடிப்பு போகாது.

என்னுடையதைக் கேட்காதீர்கள். மாமா தன் சபைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று சிவப்பு மை, தோல் உடை எல்லாவற்றோடும் கொண்டுபோய் மூன்று வாரம் ஆகிறது. நோவாவின் வசனத்தை அடிக்கவில்லை என்று அக்கா போனில் சொன்னாள். ரெயின்கோட்டைத்தான் பிள்ளைகள் கேட்கிறார்களாம்.